குழாய் தூக்கும் நடை

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். என் தங்கச்சி புருஷன் குடிநீர் அலுவலகத்துக்குத் தர வேண்டிய பாக்கியாம். தன் கால் ஒன்றை அவர்களுடைய பள்ளத்திலேயே விட்டுவிட்டு வந்தவன், அதற்கு மேலும் இவ்வளவு பாக்கி வைத்திருக்கிறான் என்று கணக்குப் போட்டுத் தாள் அனுப்பியிருந்தார்கள். ஸ்டோர் ரூமில் வைத்து என்னை வாசிக்கச் சொன்னான். ‘மிகைச் சம்பளம்’ என்ற இடத்தில் எனக்கு நாக்கு தடுக்கியது. மிகை என்றால் அதிகம் என்றார் பக்கத்தில் நின்ற மேஸ்திரி. அதிகமாம். கையிலிருந்த ஸ்பேனரை எங்கே எறிவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

கால் போனது பெரிய கதை இல்லை. பைப் பள்ளத்துக்கு முட்டுக்கொடுக்கப் பலகை கேட்டோம். நாளைக்கு வரும் என்றார்கள். மண் அன்றைக்கே சரிந்தது. வேலையில் ஊனமானவனை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் கீழ்த்தளத்தில் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். வால்வு, வாஷர், ஜாயின்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல வாயில்லை அவர்களுக்கு. குற்றம் தாமதம். கைரேகை மெஷின் இரண்டாவது மாடியில், நிர்வாக அதிகாரியின் அறை வாசலில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் வந்து கேட்டில் நிற்பான். கேட் திறப்பதே ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான். அப்புறம் இரண்டு ஊன்றுகோலையும் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தொங்கவிட்டு, இருக்கிற ஒற்றைக் காலை இழுத்து வைத்து அவன் மேலே போய்ச் சேர்வதற்குள் மணி ஒன்பதைத் தாண்டிவிடும். மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் வெட்டு. ஒரு வருஷத்துக்கு மேலாக வெட்ட மறந்துவிட்டார்கள். மறந்தது அவர்கள், கடன்காரன் இவன்.

மெஷினைக் கீழே மாட்டச் சொல்லி முதலிலேயே கேட்டிருந்தான். அந்த அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் அடைப்பான். எந்த விஷயமும் அவரிடம் போனால் அதோடு நின்றுவிடும். மெஷின் எதிரில் இருந்தால்தான் யார் யார் வருகிறார்கள் என்று தன்னால் பார்க்க முடியும் என்றார். ஊனமுற்றவர்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, வாசலில் சாய்வுப் பாதை கட்டியிருக்கிறோமே என்றும் சொன்னார். கட்டியது வாஸ்தவம். அதன் பக்கத்தில் மாப்பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து மாடியில் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கிறார்கள். படம் எடுத்த மறுநாளிலிருந்து அங்கே அவருடைய ஸ்கூட்டர் நிற்கிறது.

தாள் வந்த அன்றைக்கு நாங்கள் ஒரு காரியம் செய்தோம். நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கனமான எதையும் கயிறு போட்டு, கம்பு கொடுத்து, தோளில் ஏற்றுவது. மறுநாள் காலை நாற்காலியில் அவனை உட்கார வைத்து, நாற்காலிக் கால்களுக்குக் குறுக்கே கம்பு கட்டி, நாலு பேர் தூக்கினோம். பழக்கதோஷத்தில் மேஸ்திரி ஐலசா போட்டார், நாங்களும் பதில் பாடிவிட்டோம். மாடி வராந்தாவில் கிளார்க்குகள் வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தன் செல்போனில் படம் எடுத்தான். மெஷின் ஒன்பதுக்கு முன்னாலேயே அவன் விரலை வாங்கிக்கொண்டது. எங்களுக்கு ஒரே பெருமை.

ஸ்டோருக்குள் வந்ததும் கம்பைக் கட்டிய கயிற்றை அவனே அவிழ்த்தான்.

“நான் என்ன வால்வா மச்சான்? இறக்கி வெச்சு எண்ணெய் போடலியா?”

மேஸ்திரி ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். அவன் கேட்கவில்லை. படி ஏறும்போது கைதான் வலித்தது, இன்றைக்கு என்னென்னமோ வலிக்குது என்றான். அதன் பிறகு ஒரு வாஷரை எடுத்துக் கொடுக்கக் கூட எங்களில் யாரையும் அலமாரிப் பக்கம் விடவில்லை.

அந்த வாரமே அடைப்பான் அவனைக் கூப்பிட்டனுப்பினார். மேலேதான். துணைக்கு நானும் போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். உடல்நிலை காரணமாக விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்தால் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்றார். மேலிடத்தில் தானே பேசுவதாகச் சொன்னார். தினமும் இப்படிக் கஷ்டப்படுவதைப் பார்க்கத் தனக்கே மனசு கேட்கவில்லையாம். மேஜையில் பேனா தயாராக, மூடி கழற்றி இருந்தது. தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள். இவன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஓய்வுப் பணம் வாடகைக்கே காணாது. அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மாப்பிள்ளை தண்ணீரைத் தொடவில்லை.

“தள்ளுபடியெல்லாம் வேணாம் சார். மாசாமாசம் பிடிச்சுக்குங்க. காலை எடுக்கும்போது என்னைக் கேக்கலை. காசை எடுக்க மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?”

அவர் பேனாவை மூடி வைத்தார். அப்படியானால் நேரத்துக்கு வந்தாக வேண்டும், இனிமேல் சலுகை கிடையாது என்றார். இதுவரை எந்தச் சலுகை என்று நான் கேட்டேன். என்னை வெளியே போகச் சொன்னார்.

இறங்கும்போது மாப்பிள்ளை பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினான். பிறகு சொன்னான், நாளைக்கு யாரும் என்னைத் தூக்க வேண்டாம், முன்னால் ஓடவும் வேண்டாம் என்று. அவ்வளவுதான் சொன்னான். எங்களுக்கு அது போதும். நீளக் குழாயைத் தோளில் தூக்கிப் போகும்போது முன்னால் போகிறவன் நடைதான் எல்லாருக்கும் நடை. பின்னால் இருப்பவன் அவசரப்பட்டால் குழாய் ஆளைச் சாய்த்துவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் கேட் திறந்ததும் மாப்பிள்ளை, மற்ற நாள் மாதிரி சுவரோரம் ஒதுங்கி வழி விடாமல், படியின் நடுவில் ஏறினான். பழைய கட்டடம், குறுகல் படி. இரண்டு ஊன்றுகோலையும் அகட்டி வைத்தால் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே பூனை கூடப் போக முடியாது. அவனுக்குப் பின்னால் மேஸ்திரி, அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் எங்கள் ஆட்கள். அதற்குப் பின்னால் கிளார்க்குகள், டைப்பிஸ்ட், மீட்டர் பார்க்கிறவர்கள் எல்லாம் தெருவரைக்கும் நின்றார்கள். கடைசியில் அடைப்பானும் வந்து சேர்ந்தார். ஸ்கூட்டர் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

கீழேயிருந்து கத்தினார், அங்கே என்ன நடக்கிறது என்று.

“பைப் போகுதுங்க,” என்றார் மேஸ்திரி, திரும்பிப் பார்க்காமலே. “முன்னாடி ஆள் நடைதான் எங்க நடை.”

யாரோ சிரித்தார்கள். சம்பளக் கிளார்க்கம்மா பின்னாலிருந்து எங்களைத் திட்டிக்கொண்டே வந்தது. பாதி மாடி வந்த பிறகு திட்டு நின்றுவிட்டது. அந்த அம்மா அவ்வளவு நேரம் அவன் முதுகை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் தோள்பட்டை காதுவரை ஏறி இறங்கியது. மறுநாள் அந்த அம்மா தானாகவே எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. வேறு யாராவது இடித்துக்கொண்டு முன்னால் வந்தால் அதட்டவும் செய்தது.

அந்த மாசம் முழுக்க அப்படித்தான். மிரட்டல் ஓலை எல்லாருக்கும் வந்தது. படி ஏறியதற்கு என்ன தண்டனை கொடுப்பது என்று சட்டப் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. மாசக் கடைசியில் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்தது. அதற்கு யார் கால், யார் அதிகாரி என்று தெரியாது. எல்லார் சம்பளத்திலும் வெட்டு விழுந்தது. அடைப்பான் சம்பளத்திலும்.

ஒரு வருஷமாகக் கெஞ்சியும் நகராத காகிதம் மூன்றே நாளில் வந்தது. ‘படிக்கட்டு நெரிசல் காரணமாக ஏற்பட்ட தாமதங்களுக்கான பிடித்தங்கள், முந்தைய நிலுவைகள் உட்பட, தள்ளுபடி செய்யப்படுகின்றன.’ நான் இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் ஆட்கள் தட்டிக்கொடுத்தார்கள். டீ வாங்க ஒருத்தன் ஓடினான்.

“என் பேரு எங்க மச்சான் இருக்கு?”

இல்லை என்றேன்.

“காலுன்னு ஒரு வார்த்தை?”

அதுவும் இல்லை. மெஷினைக் கீழே மாட்டுவதைப் பற்றியும் இல்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டு, யாரோ கேட்ட கப்ளிங்கைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் காலையும் அவன் படியின் நடுவில்தான் ஏறினான். நாங்கள் பின்னால். மாடியில் மெஷின் முன்னால் நின்று ஒரு ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரலை வைத்தான். ஊன்றி ஊன்றிக் காய்த்துப்போன விரல். மீண்டும் முயற்சிக்கவும் என்றது மெஷின். அவன் விரலைச் சட்டையில் மெதுவாகத் துடைத்தான். வாயால் ஊதினான். மறுபடி துடைத்தான். வரிசை படி வழியாக வாசல்வரை நின்றிருந்தது. நடுவில் எங்கேயோ அடைப்பான், கட்டைவிரலை முன்கூட்டியே நீட்டிப் பிடித்தபடி.