பாதிப்பாட்டு ஸ்டாப்

கறம்பக்குடி கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே, கரண்டுக் கம்பிக்குச் சற்றுக் கீழே ஒரு பாட்டின் முதல் பாதி தொங்கிக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே போய் நின்றால் கேட்கும். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் டிரம்ஸும் சேர்ந்து ஏறி ஏறிப் போய், உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க வழியில்லாமல் நிற்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கம்பி மாற்ற வந்த லைன்மேன் அண்ணாந்து கேட்டுவிட்டு, "இது நம்ம லைன் இல்லங்க" என்று ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்துக்குப் 'பாதிப்பாட்டு' என்று பெயர் வைத்து ஆளை இறக்குகிறார்கள்.

பாட்டு பேண்டு மாஸ்டர் சிவசாமியுடையது. அவர் செட்டில் ஒரே சட்டம்தான்: பேப்பரில் இல்லாததை ஊதக் கூடாது. காதால் கேட்டு ஊதுகிற செட்டுகளை அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். 'ஸ்வரக்கோடு' என்ற மென்பொருளில் சுரம் சுரமாகத் தட்டி, அச்சடித்து, ஊர்வலத்தில் முன்னால் நடக்கிறவன் முதுகில் கிளிப் போட்டு மாட்டிவிடுவார். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து ஊத வேண்டும். எல்லோருக்கும் முன்னால் மாஸ்டரின் முதுகு போகும். வேர்வையில் தாள் நனைந்தால் பாட்டும் நனைந்துவிடும் என்பதால் சித்திரை மாதத்தில் முதுகுக்குத் துண்டு வைத்துக் கட்டுவார்கள். ஊரே சிரித்தது. அவருக்கென்ன, சிரிப்பு பேப்பரில் இல்லையே.

மகள் இலக்கியாவுக்கு ஆவுடையார்கோவில் பக்கத்துப் பையன் கவியரசனைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளை அழைப்புக்கு இதுவரை யாரும் வாசிக்காத பாட்டு ஒன்றை எழுதப்போவதாக மாஸ்டர் சபையில் சொல்லிவிட்டார். பாட்டின் உயிரே ஒரு கூப்பாடுதான். இலக்கியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஸ்கூல் வேனை விட்டு இறங்கி, தெருமுனையிலிருந்தே "அப்பா" என்று கூப்பிடுவாள். மேலே ஏறி, அங்கிருந்து ஓர் இழுவையாக வழுக்கிக் கீழே வரும் அந்தக் குரல். கடைத்தெரு முழுக்க அதைக் கேட்டு மணி நாலரை என்று தெரிந்துகொள்ளும். வளர்ந்து காலேஜ் முடித்தும் அப்படித்தான் கூப்பிட்டாள். பாட்டு ஏறி அந்த இடத்துக்கு வந்ததும்தான் சங்கடம் தெரிந்தது. ஸ்வரக்கோட்டில் புள்ளிதான் வைக்கலாம். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே வழுக்கி வர வழி கிடையாது. போட்டுப் பார்த்தால், பிள்ளை மாடிப்படியில் ஒவ்வொன்றாகத் தட்டி விழுந்ததுபோல் கேட்டது. மாஸ்டர் அந்தப் படிகளை அழித்தார். எழுதின மட்டும் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை ஓடவிட்டார். அது ஜன்னல் வழியாக வெளியே போய், கடைத்தெருவில் உயரம் பார்த்து நின்றுகொண்டு, மீதிக்குக் காத்திருக்க ஆரம்பித்தது.

அவரும் காத்திருந்தார். அடுத்த அப்டேட்டில் இழுவை வரும் என்று 'ஸ்வரக்கோடு அன்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. அந்தக் குழுவைப் போல வேலையற்ற கூட்டத்தை உலகம் கண்டதில்லை. மீமிசலில் கல்யாணக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கும் முகமது அஸ்வர்தான் அதில் பெரிய ஆரூடக்காரர். கம்பெனி தன் பக்கத்தில் லோகோவின் நிறத்தை மாற்றினால், "இது சும்மா மாத்தலங்க, பொங்கலுக்கு வருது பாருங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போடுவார். பொங்கலுக்கு வராது. சித்திரைக்கு வரும் என்பார். ஒருத்தர் இழுவைக்குத் தனி பட்டன் என்பார், இன்னொருத்தர் வாயால் பாடினாலே எழுதிக்கொள்ளும் என்பார். குழுவில் தேதி ஒன்று வந்துவிட்டால் தெருவில் தொங்கும் பாட்டு அரைச்சுருதி ஏறும். தேதி பொய்த்தால் பழையபடி இறங்கும். டீக்கடையில் இருப்பவர்கள் போனைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்: "சுருதி ஏறிருச்சுய்யா, மீமிசல்காரரு ஏதோ அளந்துவிட்டாரு போல."

கல்யாணத்தை முதலில் தையிலிருந்து வைகாசிக்கு மாற்றினார் மாஸ்டர். அப்டேட் வரட்டும் என்றார். சம்பந்தி அதை ஏதோ சர்க்கார் சான்றிதழ் என்று நினைத்துத் தலையாட்டினார். சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்த கவியரசன், வாங்கிவந்த செயினைப் பெட்டியிலேயே வைத்துத் திரும்பிப் போனான். அடுத்த லீவுக்கும் அப்டேட் வரவில்லை. மாஸ்டரின் மனைவி முத்துமாரியம்மாள் அரிசி களைந்த தண்ணீரை வாசலில் விசிறி ஊற்றிவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, கல்யாணம் எம்புள்ளைக்கா, அந்தப் பொட்டிக்கா?"

இலக்கியாவே ஒரு நாள் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, நேராவே ஊதச் சொல்லுங்கப்பா. அந்த எடத்துல யாரு காது குடுத்துக் கேக்கப்போறா?"

"நான் கேப்பேன்ல."

"அவுக வீட்ல இனி காத்திருக்க மாட்டாகப்பா."

"அஸ்வர் சொல்லிட்டாரு, ஆவணில உறுதியாம்."

அந்த ஆவணியில் வந்தது கவியரசனின் கல்யாணப் பத்திரிகைதான், வேறு பெண் பெயரோடு. காதால் கேட்டு ஊதும் செட் ஒன்று மாப்பிள்ளை அழைப்புக்குச் சினிமாப் பாட்டை ஊதியது. நன்றாகவே இருந்தது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். முத்துமாரியம்மாள் மூன்று வேளை சமைக்கவில்லை. இலக்கியா அழுதது யாருக்கும் தெரியாது. அவள் புதுக்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை பஸ், மாலை பஸ். தெருமுனையிலிருந்து கூப்பிடுவதில்லை. வீட்டுக்குள்ளும், "சாப்பாடு வச்சிருக்கு", "போன் அடிக்கிது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டாள். அப்பா என்ற சொல் அந்த வீட்டில் புழங்காமலே போனது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குக் குழுவைப் படிக்கவே பொழுது சரியாக இருந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் தெருவில் தொங்குவதைக் கேட்டுவிட்டு, காபி குடித்ததோடு எழுந்து போனார்கள்.

பிறகு, யாரும் ஆரூடம் சொல்லாத ஒரு புதன்கிழமை, அப்டேட் வந்தது. சொன்னதெல்லாம் இருந்தது. இழுவைக்குத் தனி பட்டனே இருந்தது. நீளம், வேகம், வளைவு எல்லாம் கேட்டது. அஸ்வர் குழுவில் பட்டாசாகக் கொளுத்தினார். தெருவில் பாட்டு ஒரு முழுச்சுருதி ஏறி, மருந்துக்கடைக் கண்ணாடி அதிர்ந்தது. மாஸ்டர் உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். எங்கே தொடங்கி எப்படி இறங்க வேண்டும் என்று அது கேட்டது. அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஏறும் சுரம் தெரிந்தது, இறங்கும் சுரம் தெரிந்தது, நடுவில் அந்தக் குரல் எப்படி வழுக்கியது என்பது மட்டும் அடியோடு போய்விட்டது. சாயங்காலம் வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இலக்கியா வந்து செருப்பைக் கழற்றினாள். "ஆத்தா," என்றார் அவர், "ஒரே ஒரு தடவ, என்னையக் கூப்புடுத்தா."

அவள் முகத்தைத் திருப்பாமல், "அப்பா" என்றாள்.

ஏறியது ஒரு சுரம், இறங்கியது ஒரு சுரம். நடுவில் எதுவும் இல்லை. படிக்கட்டில் இறங்குவதுபோல் நேராக வந்தது. பழைய ஸ்வரக்கோட்டிலேயே எழுதியிருக்கலாம்.

மாஸ்டர் கேட்டதை எழுதுகிறவர். இரண்டு புள்ளிகளை வைத்தார். மீதியை முடித்து ஓடவிட்டார். இரண்டாம் பாதி ஜன்னல் வழியாகப் போய், முதல் பாதிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முதல் பாதிக்கு அதை அடையாளம் தெரியவில்லை. இரண்டும் ஒட்டவேயில்லை. இரண்டாவதை நாலைந்து நாளில் காற்று திருவோணம் ரோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. குழுவில் இப்போது அடுத்த பதிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள், தேதிகூட வந்துவிட்டது. தெருவில் சுருதி ஏறவில்லை.

முதல் பாதி அங்கேயேதான் இருக்கிறது. செருப்புக்கடைக்காரர் அதற்கு நேர் கீழே தள்ளுபடிப் பலகை வைத்திருக்கிறார். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர், "பாதிப்பாட்டெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்ததும் இலக்கியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, அதன் கீழாக நடந்து வீட்டுக்குப் போகிறாள்.