பதினோரு வரி

உண்ணாமலையின் கையிலிருந்த விண்ணப்பத்தைச் சகாதேவன் வெடுக்கென்று பிடுங்கினான். தாளின் ஒரு மூலை அவள் விரல்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

“இன்னாணா இது! மை கூட காயல!”

“வேற ஃபாரம் கொண்டாந்துருக்கேன். அதுல எழுது. சன்னதித் தெரு விலாசம் ஒண்ணு சொல்றேன், அதப் போடு.”

“நான் எதுக்கு சன்னதித் தெருன்னு எழுதணும்? நம்ம வீடு இங்கதான கீது?”

“சொன்னா கேளு.”

“காரணத்த சொல்லு, கேக்கறேன்.”

பெரிய வீட்டுக்காரர் கொடுத்தனுப்பியிருந்த நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து வருகிற மகன், வந்த நேரத்திலிருந்து சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி எடுத்துச் சமைக்கலாம் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டான். இப்போது தங்கச்சியோடு மல்லுக்கு நிற்கிறான்.

“அவ கையெழுத்து நல்லாத்தான் இருக்கும். ஏன்டா கிழிச்ச?” என்றாள்.

சகாதேவன் பிடுங்கிய தாளைத் திருப்பிப் பார்த்தான். கிழிந்த தாளில் தங்கையின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நூற்றுக்கு எழுபத்து நான்கு. டைப்ரைட்டிங் லோயர் பாஸ். விலாசம் என்ற இடத்தில் ‘காலனி’ என்று தொடங்கி, ஊர்ப் பெயர், கீழ்பென்னாத்தூர் அஞ்சல் என்று முடித்திருந்தாள்.

அந்த முதல் சொல்லுக்கு என்ன கதி நேரும் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மெட்ராஸில் இருந்தார். இன்னொருவன் இந்தக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.

கம்பெனி பெரிய கம்பெனி. மின்சார மோட்டார் செய்வது. மெட்ராஸ் தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில் கம்ப்யூட்டர் பிரிவு. ஏ.சி. போட்ட அந்த அறைக்குள் முதலாளியே வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அங்கே சகாதேவன் புரோகிராமர். ஆறாயிரம் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கும் அவன் எழுதிய புரோகிராமில்தான் ஓடியது. ‘கோபால்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுகிறேன் என்று ஒருமுறை வீட்டில் சொன்னான். யாரோ கோபால் என்கிற பெரிய அதிகாரிக்கு மகன் எழுதிக் கொடுக்கிறான் என்று பச்சையம்மாள் விளங்கிக்கொண்டாள். அவனும் திருத்தவில்லை.

திருத்தாமல் விட்டது அது ஒன்று மட்டுமல்ல. வேலைக்கு மனுப் போட்டபோது, கல்லூரித் தோழன் நமசிவாயம், “எங்க வீட்டு விலாசத்தக் குடுடா, தபால் ஒழுங்கா வரும்” என்றான். நமசிவாயத்தின் அப்பா கோயிலில் பூஜை செய்பவர். வீடு சன்னதித் தெரு. நேர்காணலில், “திருவண்ணாமலையில எங்க?” என்று கேட்டார்கள். “கோயில் பக்கம் சார்” என்று வாயில் வந்துவிட்டது. மூன்று வருஷமாக அவன் கோயில் பக்கத்து ஆள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் விபூதிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பான். பர்சனல் மேனேஜர் சக்கரபாணி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அந்தச் சக்கரபாணிதான் போன வியாழக்கிழமை நான்காவது மாடிக்கு வந்தார். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலைத் தாண்டிக் கம்பெனியின் புதுத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. ஆண்களும் பெண்களுமாக முந்நூறு பேர் வேண்டும். நான்காயிரம் விண்ணப்பம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மார்க்கும் வயசும் பார்த்து, நேர்காணலுக்கு அறுநூறு பேரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அதற்குப் புரோகிராம் சகாதேவன்.

“அப்புறம் ஒரு சின்ன விஷயம்,” என்று நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார் சக்கரபாணி. “அட்ரஸ்ல காலனின்னு இருந்தா அதைத் தனியா ஒதுக்கிடுங்க.”

சகாதேவன் குறித்துக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

“எனக்கு இதுல ஒண்ணும் கிடையாது, பாருங்க. நிலம் குடுத்த பெரிய மனுஷங்க சொல்றாங்க. ஒரே கேன்டீன், ஒரே தண்ணிக் குழாய். எங்க வீட்டுப் பொண்ணுங்க எப்படி வரும்னு கேக்கறாங்க. ஃபாக்டரி திறக்கும்போதே தகராறு வேணாமே.”

அப்போது சகாதேவன் ஒரு கேள்வி கேட்டான். அதைக் கேட்டதற்காக இன்றைக்கும் அவன் தன்னையே திட்டிக்கொள்வான்.

“எந்தக் காலனி சார்? டவுன்ல ஹவுசிங் போர்டு காலனி, டீச்சர்ஸ் காலனியெல்லாம் இருக்குமே?”

ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் அது வேறெங்கெல்லாம் தவறிச் சிக்கும் என்று யோசிப்பது அவன் தொழில். அந்தப் பழக்கம் அவனை முந்திக்கொண்டு பேசிவிட்டது.

சக்கரபாணியின் முகம் மலர்ந்தது. “இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்! டவுன் காலனியை விட்டுடுங்க. கிராமத்துக் காலனி மட்டும் போதும்.”

பதினோரு வரி. அரைமணி நேர வேலை. பொய்யான ஐம்பது பெயர்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தான். ஒரு பிழை இல்லை. டீச்சர்ஸ் காலனிக்காரன் பத்திரமாகத் தப்பினான். கிராமத்துக் காலனிக்காரர்கள் ஒருவர் விடாமல் அகப்பட்டார்கள்.

இதைத்தான் அவன் இப்போது தங்கையிடமும் தாயிடமும் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, நடுவில் நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னான்.

உண்ணாமலை அழுவாள் என்று நினைத்தான். அவள் புது ஃபாரத்தை எடுத்து மடியில் பலகையை வைத்து எழுத ஆரம்பித்தாள். விலாசம் வந்தபோது நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே ‘காலனி’ என்று எழுதினாள்.

“எடுக்கமாட்டாங்கடி!” என்று கத்தினான்.

“எடுக்காதது யாரு? நீதான? நீயே எடுக்காத. பாக்கலாம்.”

பச்சையம்மாள் மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தாள்.

“உன்ன காலேஜுல சேக்க நான் எத்தினி பேரு வாசல்ல போயி நின்னேன், தெரியுமாடா? மழையில நனைஞ்சிக்கினு நின்னேன். மெட்ராஸுல எம்புள்ள எழுதற வேல செய்யறான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அந்த கோபாலுக்கு இதத்தான் எழுதிக் குடுத்தியா?”

அவன் சாப்பிடாமலே பஸ் ஏறினான்.

கடைசித் தேதி முடிந்தது. தரவு ஏற்றும் பெண்கள் பத்து நாளில் நான்காயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை ஏற்றி முடித்தார்கள். அந்தப் பெயர்களில் உண்ணாமலையின் பெயரும் ஒன்று. ஒரு பிற்பகல், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சகாதேவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இன்னும் ஒரு பெயரைச் சேர்த்தான். எஸ். சகாதேவன். பி.எஸ்.சி. கணிதம், எண்பத்தொரு சதம். வயது இருபத்தாறு. விலாசத்தில், பிறந்து வளர்ந்த இடத்தை முதல்முறையாக உள்ளபடி அடித்தான். பிறகு புரோகிராமை ஓட்டினான்.

பிரிண்டர் கடகடவென்று அதிர்ந்தது. தகுதி இருந்தும் விலாசத்துக்காக மட்டும் தள்ளப்பட்டவர்கள் எழுநூற்று முப்பத்திரண்டு பேர். மார்க் வரிசையில் வந்த பட்டியலில் முதல் பெயர் அவனுடையதாக இருந்தது. அவன் எழுதிய பதினோரு வரி அவனையே பிடித்து வெளியே தள்ளியிருந்தது. இத்தனை மார்க் வாங்கியவனை, எழுதியவனையே, ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல்.

அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த எரிச்சல் அந்த வியாழக்கிழமையே வந்திருக்க வேண்டும். வராமல் போனதற்கும் சேர்த்து இப்போது எரிந்தது. மறுபடி உட்கார்ந்தான். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தான். தலைப்பு: தள்ளியதற்குக் காரணம்.

நேர்காணலுக்கு அழைக்கப்படுவோர் பட்டியல், திருவண்ணாமலைத் தேரடி வீதிக்குப் பின்னால் கம்பெனி பிடித்திருந்த கல்யாண மண்டபத்தில் திங்கட்கிழமை ஒட்டப்படும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பட்டியலோடு முன்னால் போகச் சக்கரபாணி சகாதேவனைத்தான் அனுப்பினார். “உங்க ஊராச்சே, கூட்டத்தை நீங்க சமாளிச்சுடுவீங்க.”

காலை எட்டு மணிக்குள் மண்டபத்து வாசலில் கால் வைக்க இடமில்லை. செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சகாதேவன் இடது சுவரில் அறுநூறு பேர் பட்டியலை ஒட்டினான். வலது சுவரில், ஓரத்தில் துளை போட்ட அந்த நீளக் காகிதத்தைப் பிரித்து, எழுநூற்று முப்பத்திரண்டு பேரையும் ஒட்டினான். பசை காய்வதற்குள் கூட்டம் மொய்த்துக்கொண்டது.

“எம்பேரு கீதுடி!” என்று வலது பக்கத்தில் ஒரு பெண் கூவினாள். “மார்க்கும் சரியாப் போட்டுருக்காங்க. கடைசியில இன்னா எழுதியிருக்கு?”

இங்கிலீஷ் எழுத்து. உண்ணாமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து விரலை வைத்துப் படித்தாள். “தள்ளியதற்குக் காரணம், காலனி.” அடுத்த பெயர். “காலனி.” அதற்கடுத்தது. “காலனி.” பக்கத்துக்குப் பக்கம் படித்துக்கொண்டே போனாள். மூன்றாவது தாளுக்கு வந்தபோது அவளோடு சேர்ந்து இருபது பேர் சத்தமாகப் படித்தார்கள். ஐந்தாவது தாளில் மண்டபமே படித்தது.

பத்து மணிக்குக் காரில் வந்திறங்கிய சக்கரபாணிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சுவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“யாரு இதை ஒட்டினது?”

“நான்தான் சார்.”

“இது வெளியில வரக்கூடாத லிஸ்ட். உங்களுக்குப் பைத்தியமா?”

“நீங்க கேட்டீங்க, நான் எழுதினேன். ரெண்டு பேரும் செஞ்சதத்தான் ஒட்டிருக்கேன்.”

“உங்களுக்கு இதுல என்ன சார் வந்துது? நீங்க கோயில் பக்கத்து ஆளு...”

“முதல் பேரு பாருங்க சார்.”

சக்கரபாணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பெயர், மார்க், விலாசம், காரணம். இரண்டு முறை படித்தார். அவரிடமிருந்து வந்தது கோபமாகக்கூட இல்லை, ஏமாந்துபோன ஒருவரின் தழுதழுப்பு.

“அப்ப... அந்தப் பிரசாதம்?”

“கோயில்லதான் சார் வாங்கினேன்,” என்றான் சகாதேவன். “எல்லாருக்கும் குடுக்கறதுதான்.”

அவர் தாளைக் கிழிக்கப் போனார். உண்ணாமலை சுவருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண். பிறகு சுவரே தெரியவில்லை. போலீஸ் வந்த பிறகுதான் அவர் காருக்குள் ஏற முடிந்தது.

நேர்காணல் தள்ளிப்போயிற்று. பத்திரிகையில் செய்தி வந்தது. மூன்றாம் நாள் கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. கம்ப்யூட்டரில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறினால் சில பெயர்கள் விடுபட்டுப் போயின. கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்பதைப் பொதுமக்கள் உணர வேண்டும். கோளாறுக்குக் காரணமான ஊழியர் கவனக்குறைவுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.

மூன்று வருஷத்தில் ஒரு முற்றுப்புள்ளியைத் தவறவிடாதவனுக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தார்கள். சகாதேவன் அந்தச் செய்தியை டீக்கடையில் நின்று படித்தான். படித்து முடித்துப் பத்திரிகையைக் கசக்கினான். பிறகு கடைக்காரனிடம் காசு கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்து தாய்க்கும் தங்கைக்கும் படித்துக் காட்டினான்.

“பொய் சொல்றானுங்க,” என்றாள் பச்சையம்மாள். அன்றைக்குக் கூழைக் கரைத்து மகன் முன்னால் வைத்து, அவன் குடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாசி மாதம் கம்பெனி புதிய விண்ணப்பப் படிவம் வெளியிட்டது. எல்லாரும் புதிதாக மனுப் போட வேண்டும். இந்தத் தடவை கம்ப்யூட்டர் கிடையாது, அதிகாரிகளே கையால் பரிசீலிப்பார்கள் என்று சொன்னார்கள். சகாதேவன் கட்டாக வாங்கி வந்து காலனிப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பூர்த்தி செய்யச் சொல்லிக்கொடுத்தான். விலாசத்துக்கு இரண்டே வரிதான் விட்டிருந்தார்கள். பின்பக்கம் திருப்பிய உண்ணாமலை நிறுத்தினாள்.

“இதப் பாருணா.”

கடைசியில் புதிதாக ஒரு பகுதி இருந்தது. விண்ணப்பதாரரை நேரில் அறிந்த, ஊரில் செல்வாக்குள்ள முக்கியப் பிரமுகர்கள் இருவர் பெயரும் கையொப்பமும்.

சகாதேவன் படித்தான். ஊரில் முக்கியப் பிரமுகர் என்றால் யார் என்று அங்கிருந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர்கள் போடமாட்டார்கள். பதினோரு வரி தேவைப்படவில்லை. ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

“நான் போயிக் கேட்டுப் பாக்கட்டுமா?” என்றாள் பச்சையம்மாள். “பெரிய வீட்டுல நாப்பது வருஷமா கள எடுக்கறேன்.”

“நீ எங்கயும் போவ வேணாம். உக்காரு,” என்றாள் உண்ணாமலை.

முதல் கோட்டில் எழுதினாள்: சி. பச்சையம்மாள், விவசாயக் கூலி, காலனி. இரண்டாவது கோட்டில்: எஸ். சகாதேவன், பி.எஸ்.சி., காலனி.

“இன்னாடி எழுதற?”

“என்னை நேர்ல தெரிஞ்சவங்க பேரு கேட்டுருக்காங்கம்மா. எழுதறேன்.”

பேனா மையைத் தாயின் இடது கைப் பெருவிரலில் தடவினாள். பச்சையம்மாள் தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு புடவை முந்தானையால் தரையைத் துடைத்து, தாளை நேராக்கி, அழுத்தி வைத்தாள். வைத்துவிட்டு, வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

“அடுத்தது யாரு? கொண்டா,” என்றாள்.