அத்தானின் ஓட்டைப் பலகை

என் அக்கா புருஷனுக்கு ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அதை அவரிடம் சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. அதனால்தான் ஒரு முழு பிளைவுட் பலகையும் நல்ல நல்ல மரச்சட்டங்களும் பாழாகி முடியும்வரை, நாங்கள் பின்வாசலில் நின்று "நல்லா வருது, நல்லா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் அவர் மேலாளராக இருக்கும் அச்சகத்தின் முதலாளி வீட்டில் தொடங்கியது. ஒரு விருந்துக்குப் போன இடத்தில், புல்தரையில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்களாம். சாய்வாக நிற்கும் மரப்பலகை, அதன் மேல்பக்கம் ஒரு வட்ட ஓட்டை. எதிரே தள்ளி நின்று, தானியம் நிரப்பிய சின்னத் துணிப்பைகளை அதன்மேல் எறிய வேண்டும். பை ஓட்டைக்குள் விழுந்தால் மூன்று புள்ளி, பலகைமேல் தங்கினால் ஒன்று. இதில் எங்கள் அத்தான் பைண்டிங் பிரிவில் பசை தடவுகிற ஒருவரிடம் தோற்றுவிட்டார். முதலாளி வேறு கைதட்டிச் சிரித்திருக்கிறார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அந்தப் பலகையே கோணல் என்று வீடு வந்து சேரும்வரை காரில் சொல்லிக்கொண்டே வந்தாராம். மறுநாள் காலையில், ஒழுங்கான பலகை எப்படி இருக்கும் என்று தானே செய்து காட்டப்போவதாக அறிவித்துவிட்டார்.

பாவம், தோல்வி அவருக்குப் பழக்கமில்லை. வீட்டில் அவரை நாங்கள் தோற்க விட்டதே கிடையாது. கேரம், சீட்டு, செஸ், எதுவானாலும் கடைசியில் அத்தான் ஜெயித்தாக வேண்டும். இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் யாரிடமும் பேசாமல், சாப்பாட்டுத் தட்டை மேஜையில் ஓசைப்பட வைப்பார். அந்த மூஞ்சியைப் பார்ப்பதைவிட ஒரு காயை விட்டுக்கொடுப்பது சுலபம். அக்கா இதில் கைதேர்ந்தவள். சிவப்புக் காய் குழி வாயிலேயே நிற்கும், தட்டினால் விழும். அப்போது பார்த்து ஸ்ட்ரைக்கரை வேறு பக்கம் விட்டு, "அச்சச்சோ" என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள். மாடி அறையில் தையல் மிஷினைப் போட்டு நான் இந்த வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கும் அது கைவந்துவிட்டது. இதற்குப் பெயர் பாசம் என்பாள் அக்கா. பாசமாவது மண்ணாங்கட்டியாவது. இந்த மனுஷன் இவ்வளவுதான் என்று அவரை நாங்கள் எப்போதோ எடைபோட்டு ஓரமாக வைத்துவிட்டோம்.

பலகைக்கு வருகிறேன். செய்முறையை போனில் பார்த்தார். பாதிதான் பார்த்தார், மீதிக்குத் தன் மூளை போதும் என்றார். வட்டம் போட அக்காவின் சமையலறை டப்பா மூடியைக் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றினார். யாரிடமோ இரவல் வாங்கிய கரண்ட் ரம்பம் அவர் பிடித்த பிடியில் கோட்டை விட்டு வெளியே ஓடியது, உள்ளே வந்தது, மறுபடியும் ஓடியது. கடைசியில் கிடைத்த ஓட்டை யாரோ கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி இருந்தது. விளிம்பெல்லாம் கையில் குத்துகிற சிலாம்பு. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கலாமே என்றதற்கு, பை நழுவாமல் இருக்க அது வேண்டும் என்றார். ஒரு சட்டத்தைக் குட்டையாக அறுத்துவிட்டு மரக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். கால்களை மடக்கி நிமிர்த்துகிற மாதிரி போல்ட் போட்டார். ஒரு கால் மடங்காது, இன்னொரு கால் நிற்காது. நிற்காத காலுக்கு அட்டையை மடித்துச் செருகினார். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது பூச்சை அடித்ததில் பெயிண்ட் சுருங்கிச் சுருங்கிக் கிடந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலை எங்கே போய்க் காட்டுவது? கைவேலை என்றாலே அதில் ஒரு தனி அழகு இருக்கத்தானே செய்யும் என்றாள் அக்கா. அவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்.

பைகள் தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கெட்டியான கான்வாஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டு, காய்ந்த மக்காச்சோளம் நிரப்பி, வாயை மூடித் தைத்துக் கொடுத்தேன். நாலு நீலம், நாலு சிவப்பு. அத்தான் ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து, ஒரு பையில் சோளம் கூடுதல் என்று திருப்பிக் கொடுத்தார். நொண்டிப் பலகையைச் செய்துவிட்டு, என் பையில் குறை கண்டுபிடிக்கிறார். நான் அதை மாடிக்கு எடுத்துப் போய், நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு, அதே பையைப் பிரிக்காமல் கொள்ளாமல் கொண்டுவந்து கொடுத்தேன். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்றார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பாப்பாவின் கல்யாணப் பேச்சு. பாப்பா அக்காவின் ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், கல்யாண வயது வந்து வெகுநாளாகியும் வீட்டில் பாப்பாதான். ஒரு பல் டாக்டரை விரும்பினாள். அத்தான் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஜவ்வாக இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா வாயால் சரி என்று சொல்லாமல் செய்துகொள்ள மாட்டேன் என்று அவளும் உறுதியாக நின்றாள். பலகை முடிந்த கையோடு அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை வரச் சொல், ஓர் ஆட்டம் போடலாம், அப்புறம் என் முடிவைச் சொல்கிறேன் என்றார்.

"ஒருத்தன் விளையாடறதைப் பாத்தாலே போதும். அவன் எப்பேர்ப்பட்டவன்னு நான் சொல்லிடுவேன்."

அந்த வாரம் முழுக்கப் பாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் இந்தக் கல்யாணம் எப்படியாவது நடக்க வேண்டும் என்று இருந்தது. பல் டாக்டர்மேல் பெரிய பிரியம் என்று சொல்ல முடியாது. ஆட்டத்தை ஆட்டமாக ஆடுகிற ஒரு வீட்டுக்கு இந்தப் பெண் போய்ச் சேரட்டும் என்பதுதான் என் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சொந்தத் தொழிலுக்கு விளம்பரம் போல ஒரு சிரிப்பு. அத்தான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். சும்மா ஒரு தடவை எறிந்து பாருங்கள் என்று பாப்பா பைகளை எடுத்துக் கொடுத்தாள். அவர் அலட்டிக்கொள்ளாமல் கையைத் தாழ்வாக வீசினார். பை தட்டையாகச் சுழன்றுபோய் ஓட்டைக்குள் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. அதற்கடுத்ததும். அந்த நொண்டிப் பலகையில், கடித்த பிஸ்கட் ஓட்டைக்குள். எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. பூனைக்கு மணி கட்ட ஒருவழியாக ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். பாப்பா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அக்காவோ அதைப் பார்த்ததும் ஓடி வந்தாள். தண்ணீர் குடிக்கலாம் வாருங்கள் என்று அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பாப்பாவின் அப்பா தோற்றால் தாங்க மாட்டார், கோபத்தில் இன்னும் ஒரு வருஷம் இழுப்பார், கொஞ்சம் பார்த்து ஆடுங்கள் தம்பி என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினாள். முடியாது என்று சொல்லுடா மகராசா என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"புரியுதும்மா. நீங்க கவலையே படாதீங்க" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டலோடு என் கணக்கில் அவரும் அக்காவும் ஒன்றாகிப் போனார்கள். வாயைத் திறக்காமல் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தோற்றார். எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற அளவுக்கு நேர்த்தியாகத் தோற்றார். எடுத்த எடுப்பில் இரண்டைப் போட்டு அத்தானைப் பதற வைத்தார், அப்புறம் ஒவ்வொன்றாகத் தவறவிட்டார். பை புல்லில் விழும்போதெல்லாம் நெற்றியில் அடித்துக்கொண்டார். மாமா கைக்கு முன்னால் தன் கை நிற்காது என்றார். பலகையைத் தடவிக்கொடுத்து, கடையில் வாங்கியது என்றல்லவா நினைத்தேன் என்றார். அவ்வளவு பெரிய பொய் அக்கா வாயில்கூட வந்ததில்லை. அத்தான் பூரித்துப் போய்விட்டார். ஆட்டம் முடிந்ததும் பல் டாக்டர் முதுகில் ஓங்கித் தட்டி, எங்கள் பக்கம் திரும்பினார்.

"தோத்தாலும் சிரிச்சுக்கிட்டே தோக்கறான் பாத்தியா? குணம்னா இதுதான். எனக்குச் சம்மதம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் தன் அண்ணனுக்குப் போன் போட உள்ளே போனார். ஆட்டத்தில் ஜெயித்ததை முதலில் சொன்னார், கல்யாணத்தை அப்புறம் சொன்னார். வெளியே எங்கள் காதில் எல்லாம் விழுந்தது.

பாப்பா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பெரியவர்கள் முன்னால் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ வேணும்னேதானே விட்ட?"

உன் அம்மா கேட்டுக்கொண்டார், தனக்கும் அதுதான் சரி என்று பட்டது என்றார் அவர். ஓர் ஆட்டத்தில் என்ன இருக்கிறது, பெரியவர் சந்தோஷமாக இருக்கிறார், நம் காரியமும் முடிந்தது என்றார். அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை.

"எங்கிட்டயும் இப்படி விட்டுக் குடுத்திருக்கியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு செல்லமாகச் சிரித்தார்.

"எப்பவாவது. உனக்குக் கோவம் வந்தா அப்புறம் பேசவே மாட்டியே. நீ உங்க அப்பா பொண்ணுதானே."

போன மாதம் இரண்டு பேரும் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருக்கிறார்கள். சந்தைப் பக்கத்து வீடு வேண்டாம், சத்தம் என்று பாப்பா சொல்ல, நீ சொல்வதுதான் சரி என்று அவரும் உடனே ஒத்துக்கொண்டாராம். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள். இப்போது அந்த வீட்டைப் பற்றிக் கேட்டாள். அவர் புல்லைப் பார்த்தார்.

அவள் முகம் வெளிறிப் போனது. அத்தானைப் பார்த்து இந்த வீட்டில் நாங்கள் மறைவாகக் கண்ணைக் காட்டிக்கொள்வோமே, அதே மாதிரி இவர் தன்னைப் பற்றியும் யாரிடமோ கண்ணைக் காட்டியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அவளைப் பார்க்கக் கூசியது. கீழே கிடந்த சிவப்புப் பைகளைப் பொறுக்கி அவர் கையில் திணித்தாள். தன்னோடு ஓர் ஆட்டம் ஆடச் சொன்னாள், நிஜமாக ஆடச் சொன்னாள்.

ஆடினார்கள். பாப்பா ஒன்றும் பெரிய ஆட்டக்காரி இல்லை, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதல் பை விளிம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது பலகையைத் தாண்டிப் போனது. கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. நான் நாள் முழுக்கத் துணியில் கை ஓடுவதைப் பார்த்துப் பிழைப்பவள், நடுங்குகிற கை எது, நடிக்கிற கை எது என்று எனக்குத் தெரியும். இந்தக் கை நடுங்கியது. நிதானித்து எறிந்தார், அவசரப்பட்டு எறிந்தார், எதுவும் போகவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் மனசு வைத்துச் செய்த ஒரே காரியம் அதுதான். அதில் தோற்றுப் போனார்.

"சத்தியமா நிஜமாத்தான் எறிஞ்சேன்" என்றார்.

"எறிஞ்சிருக்கலாம். அது எனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமே என்னிக்குமே எப்படித் தெரியும்?" அவள் குரல் உயரவே இல்லை. "அப்பா வெளிய வர்றதுக்குள்ள நீ கிளம்பு. கல்யாணம் வேண்டாம்னு நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தார். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், அவளிடம் சொல்லுங்கள் என்றார். அந்த ஆள்மேல் எனக்குத் துளி மரியாதை மிச்சமில்லை. ஆனாலும் உண்மை உண்மைதானே.

"பாப்பா, அவர் நிஜமாத்தான் எறிஞ்சாரு. நான் பாத்தேன்" என்றேன்.

பாப்பா என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட தோத்துட்டு, 'என்ன கை அத்தான் உங்களுக்கு'ன்னு சொல்லுவீங்களே சித்தி, அப்பவும் உங்க மூஞ்சி இப்படியேதான் இருக்கும்."