செல்லம்மாவின் ஒன்பது கிலோ

கம்பெனிக்காரர்களைப் பார்த்த முதல் நாளே ஜோசலின் சிஸ்டருக்கு அவர்களைப் பிடிக்காமல் போய்விட்டது. தாம்பரத்துக்கு மேற்கே ஓர் அரசு சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருப்பவள். சர்க்கரை நோயாளிகளை உட்காரவைத்து, என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த அறையை ஒரே வாரத்தில் காலி செய்தார்கள். பச்சை பெயிண்ட் அடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, எடை குறைக்கும் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். அரசும் தனியாரும் கைகோத்து உடல் பருமனை ஒழிக்கப் போகிறார்களாம். கைகோத்த லட்சணம் இதுதான்: அரசு ஆட்களை அனுப்பும், கம்பெனி அவர்களை எடை மேடையில் ஏற்றிக் கைதட்டும், கையோடு ஒரு டப்பா பவுடரும் விற்கும்.

குண்டாக யார் வந்தாலும் ஒரு சீட்டு எழுதி அந்தக் கதவைக் கைகாட்டுவதுதான் ஜோசலினுக்கு மிஞ்சிய வேலை.

அப்படிப் போனவள்தான் செல்லம்மா. குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்கிறவள். எண்பத்தெட்டு கிலோ. இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. அடுத்த மாதம் அவள் மாத்திரை வாங்க வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்க்கவே நேரமில்லாத ஜோசலின், வராதவர்களைக் கவனிக்கவில்லை.

அந்த இரண்டாவது மாதக் கடைசியில் வாசலில் ஆளுயர பேனர் கட்டினார்கள். அதில் சிரித்துக்கொண்டிருந்தவள் செல்லம்மா. அறுபதே நாளில் ஒன்பது கிலோ. வெள்ளிக்கிழமை பாராட்டு விழா, மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார்.

விழா நாளன்று முன்வரிசையில் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திப் பிடித்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காலடியில் ஒரு காலி தண்ணீர் பாட்டில் கிடக்க, இரண்டாவதைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சிஸ்டர், அடையாளம் தெரியலியா?”

“ஏம்மா இவ்ளோ தண்ணி குடிக்கிற?”

“ஒரே தாகமா கீது. சும்மா சும்மா பாத்ரூம் வேற. கொழுப்பு கரைஞ்சு வெளிய போவுதுன்னு கம்பெனி சார் சொன்னாரு.”

“மாத்திரை போடுறியா?”

“அத்த நிறுத்தி மாசம் ஒன்றரை ஆவுது. பவுடர் குடிக்கும்போது அதெல்லாம் வேணாம்னாங்க.”

ஜோசலின் உள்ளே போய் மீட்டரை எடுத்துவந்து, அங்கேயே செல்லம்மாவின் விரலில் குத்தினாள். எண் எதுவும் வரவில்லை. மீட்டர் காட்டக்கூடிய அளவையும் தாண்டிச் சர்க்கரை ஏறியிருந்தது. செல்லம்மாவின் மூச்சில், சர்க்கரை எல்லை மீறும்போது வரும் அழுகிய பழ வாடை அடித்தது.

கையைப் பிடித்து எழுப்பியபோது கம்பெனியின் ஷ்யாம்சுந்தர் குறுக்கே வந்தான். சட்டையில் பொடி எழுத்தில் ‘வெல்னஸ் கோச்’ என்று தைத்திருந்தது.

“சிஸ்டர், ஒரு அரை மணி நேரம். ஆபீஸர் கார் பெருங்களத்தூர் தாண்டிடுச்சு. இவங்கதான் நம்ம ஸ்டார். போட்டோ முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க.”

“அதுக்குள்ள இவங்க மயங்கி விழுந்தா அதையும் போட்டோ எடுப்பீங்களா?”

“நெகட்டிவா பேசாதீங்க. ஒன்பது கிலோ குறைச்சிருக்காங்க.”

“குறைச்சது உங்க பவுடர் இல்ல சார், வியாதி. ரெண்டு மாசமா வாராவாரம் மெஷின்ல ஏத்தினீங்களே, ஒரு தடவையாவது மூஞ்சியப் பாத்தீங்களா?”

நிலையத்தின் டாக்டர் ரோஹிணி வந்தாள். மீட்டரைப் பார்த்தாள். கார் வரவேண்டிய கேட்டையும் பார்த்தாள். “ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று ஜோசலினுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பூச்செண்டோடு கேட்டை நோக்கி நடந்தாள்.

செல்லம்மா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்வதற்கில்லை என்றார்கள் அங்கிருந்த டாக்டர்கள். விழா மட்டும் நிற்கவில்லை. செல்லம்மாவுக்கான சால்வையை இரண்டு கிலோ குறைந்த வேறொரு பெண்மணிக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பிய செல்லம்மாவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுத்தந்தவள் ஜோசலின். ஒரு மாதத்தில் முகம் தேறியது, தூக்கம் வந்தது, ஐந்து கிலோ கூடியது. கம்பெனிப் பதிவேட்டில் அவள் பெயர் தோல்விப் பட்டியலுக்குப் போனது. மனம் தளரவேண்டாம், புது பவுடர் வந்திருக்கிறது என்று போன் செய்தார்கள்.

“இன்னா சொன்ன அவங்களுக்கு?” என்று கேட்ட பக்கத்துவீட்டுக்காரியிடம், செல்லம்மா தான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

ஜோசலினுக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. விழாவுக்கு இடையூறு செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நோயாளி சாகும் நிலையில் இருந்தார், அழைத்துப் போனேன், இனி யார் அப்படி இருந்தாலும் அழைத்துப் போவேன் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு வரி பெற அவர்களுக்குத் தகுதியில்லை என்று நினைத்தாள்.

பதில் வரவில்லை. கம்பெனிக்கு இன்னொரு வருடம் நீட்டிப்பு வந்தது.