பதினான்காம் வளைவை ஏற்றிக்கொண்டு

செம்பாறை மலைப்பாதையில் இருபத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவையும் ஓர் ஆள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடி விட்டால் வளைவு சோம்பல் முறித்து நேராகிவிடும். நேரான பாதை பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். கோடை விடுமுறைக்குக் காரில் ஏறுகிறவர்கள் ஜன்னல் வழியே வாந்தி எடுப்பார்களே தவிர, வளைவைப் பிடித்திருக்கும் ஆளின் முகத்தைப் பார்த்ததில்லை.

பதினான்காம் வளைவு அஞ்சுகத்துக்கும் அவள் கணவர் துரைக்கண்ணுவுக்கும் உரியது. ஓர் ஆண்டு அவர் பிடிப்பார், மறு ஆண்டு அவள். மே முதல் தேதி ஆள் மாறுவார்கள். வெளியில் இருப்பவருக்கு வீடு ஒரு பழைய வேன். உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர் டிரம், துணி காயப்போட ஒரு கொடி. அந்த வேனில் மலை மலையாகச் சுற்றிவிட்டு, கெடு நாளில் வளைவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆள் மாறும்போது இருவரும் சேர்ந்திருக்க ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரம் தரப்பட்டிருந்தது. பதினொரு ஆண்டுகளாக அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த நேரத்தில்தான்.

இந்த ஏற்பாட்டை எழுதியவரே துரைக்கண்ணுதான். முன்பெல்லாம் வளைவு பிடிப்பவர்களுக்கு மாற்று ஆளே கிடையாது. நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இருபத்தொன்பது வளைவுகளும் நேராகி, மலையில் மூங்கில் முளைத்தது போலத் தெரிந்தது. பட்டினி கிடந்தவர்கள் கிடக்க, பெரிய தலைவர்கள் தலைநகரிலிருந்து வந்து மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து துரைக்கண்ணுவின் கைவண்ணம்: வளைவு பிடிப்பவரை மாற்ற அவர் குடும்பத்தார் மட்டுமே வரலாம். நிர்வாகம் கருங்காலிகளை இறக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. பதின்மூன்றாம் வளைவு சடையப்பனுக்கு மகன்களும் மருமகன்களுமாக ஒரு பட்டாளம். வாரத்துக்கு ஓர் ஆள் வருவார். துரைக்கண்ணுவுக்கோ மாநாட்டுக்கும் சிறைக்கும் நடுவே பிள்ளை பெற நேரம் வாய்க்கவில்லை. குடும்பம் என்றால் அஞ்சுகம் மட்டும்தான். மாற்ற ஒரே ஆள் என்றால் கெடு ஓராண்டு.

அவருடைய வேன் ஆண்டு முடிந்து அவள் அதில் ஏறும்போதெல்லாம் ஓட்டுநர் இருக்கை பின்னால் தள்ளியே இருக்கும். அவர் நெட்டை. அவள் அதை முன்னுக்கு இழுக்கமாட்டாள். கால்விரல் நுனியால் பிரேக்கை எட்டி எட்டி மிதித்துக்கொண்டே ஆண்டு முழுவதும் ஓட்டுவாள். இழுத்துவிட்டால் அவர் வேனிலிருந்து இறங்கிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றும். கண்ணாடிக்கு மேலே அவர் ஒட்டிவைத்த தாள் இருக்கும். அவருக்குக் கடிதம் எழுத வராது, துண்டறிக்கைதான் வரும். 'அஞ்சுகத்தின் கவனத்துக்கு. பின் டயரில் காற்று இறங்குகிறது. ஊறுகாய் தீர்ந்துவிட்டது. நீ இல்லாத ஓராண்டை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது.' அவள் எழுத்துக்கூட்டப் பழகியதே அவருடைய துண்டறிக்கைகளில்தான்.

உச்சியில் ஒரு வேலி இருக்கிறது. அதைத் தாண்டினால் மலையின் மறுபக்கம். அதைத் தனியாகப் பார்ப்பதில்லை என்று இருவரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, தீர்மானம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் வேலிவரை போய் வேனைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்த மே மாதத்தோடு அவளுடைய ஓட்டுநர் உரிமம் முடிகிறது. அவருடையது முன்பே முடிந்துவிட்டது. பேருந்துகள் வளைவில் நிற்பதில்லை. நடந்து ஏற இருவருக்கும் முழங்காலில் வலு இல்லை. ஆக, இன்று வளைவில் யார் உட்கார்கிறாரோ அவர் உட்கார்ந்ததுதான். இதுதான் கடைசி டம்ளர்.

அவர் தலையில் துண்டோடு, இரண்டு கையாலும் வளைவின் உள்விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டயர மாத்துனியா?" என்றார். ஓராண்டுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"மாத்தியாச்சுங்க."

அவர் கைகள் வளைவில் இருந்ததால் அவளே டம்ளரை அவர் வாயில் வைத்துப் புகட்டினாள். அவர் ஈரம் படுமளவுக்கு மட்டும் உறிஞ்சினார். டீயை அவ்வளவு மெதுவாகக் குடிக்க உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"கண்ணு டாக்டரு லைசென்சுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாருங்க."

"ம்."

அவள் இடுப்பிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து விரித்தாள். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"'பிடித்திருப்பவர் வளைவை விட்டு அகலக் கூடாது.' சரிங்களா?"

"சரி."

"வளைவு மலைய விட்டு அகலக் கூடாதுன்னு எங்கியாச்சும் இருக்குதுங்களா?"

அவர் முகம் கடுத்தது. "நாப்பத்தோரு நாள் பட்டினி கெடந்து எழுதுனது புள்ள அது. ஓட்ட கீட்டன்னு பேசாத."

"பட்டினி நானுந்தான் கெடந்தேன். எழுதுனது நீங்க. படிச்சது நானு."

டம்ளரில் இன்னும் ஒரு வாய் இருந்தது.

"அந்தக் கடைசிய நீ புடி," என்று வளைவின் மறுமுனையைத் தாடையால் காட்டினார்.

பந்திப் பாயைச் சுருட்டுவது போல வளைவைச் சுருட்டினார்கள். ஓரத்து வெள்ளைக் கற்களும், 14/29 என்ற பலகையும் உள்ளே போயின. கைப்பிடிச் சுவரில் இருந்த குரங்கு இறங்கவில்லை. அதுவும் சேர்ந்து சுருண்டது. வளைவு கட்டிலை நிறைத்து, நுனி பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துரைக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டார். அஞ்சுகம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அதை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கீழ்வளைவிலிருந்து சடையப்பன் கேட்டார். "எங்கக்கா கூட்டிட்டுப் போறீங்க அத?"

"மேல. தொண்ணூறு வருசமா ஒரே எடத்துல கெடக்குதில்ல?"

"வாரப்ப காரட்டு வாங்கியாங்க. அண்ணன் அங்க போயும் கூட்டம் போட்டறப் போறாரு, பாத்துக்கங்க."

பதின்மூன்றாம் வளைவும் பதினைந்தாம் வளைவும் ஆளுக்கொரு முனையை நீட்டி நடுவில் கோத்துக்கொண்டன. விடுப்பில் போகிறவனின் வேலையைப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வது சங்கத்தின் பழைய வழக்கம். ஒரு சுற்றுலாப் பேருந்து அதன்மேல் ஏறிப் போனது.

வேனுக்குள் வளைவு இருந்ததால், நேரான பாதையிலும் வண்டி லேசாக வளைந்துகொண்டே போனது. ஒரே தைல மரத்தை மூன்று முறை கடந்தார்கள். அஞ்சுகத்துக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அதற்காக அவள் இரண்டாம் கியரிலேயே போனாள்.

"தூங்கறீங்களா?"

"இல்ல. உன்ற பின்னங்கழுத்தப் பாத்துட்டிருக்கறேன். நரச்சுருச்சு."

"எப்பவோ நரச்சுதுங்க. முன்னால மட்டுந்தான பாப்பீங்க, டீ ஆத்தறப்ப."

உச்சி வேலியருகே ஸ்வெட்டர் போட்ட காவலாளி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"மறுபக்கம் பாக்க வந்தீங்களா? அது காலைலதான் கெளம்பிப் போச்சுங்க."

"எங்க?" என்றாள் அஞ்சுகம்.

"கீழ. சமவெளியப் பாக்கோணும்னு நெம்ப நாளாச் சொல்லிட்டிருந்துது."

வேலிக்கு அப்பால் அச்சேறாத தாள் போல வெள்ளையாக இருந்தது.

"முறையா எழுதிக் குடுத்துட்டுப் போச்சா?" என்று துரைக்கண்ணு கேட்டார்.

"குடுத்துதுங்க."

"அப்பச் சரி. எப்ப வரும்?"

"அது போடலீங்க."

வேனை ஓரமாக நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்தார்கள். இங்கே எவ்வளவு நேரம் என்று ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. துரைக்கண்ணு ஒரு கையை வளைவின் மேல் வைத்து, மறு கையில் டம்ளரை வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

மறுபக்கம் திரும்பி வரக் காத்திருப்பவர்களின் வரிசை வேலியோரமாக இருந்தது. அதில் இவர்கள் இருவருக்கும் முன்னால் ஓர் ஆறு மட்டும் இருந்தது; மறுபக்கமாக இறங்க வேண்டியது. அஞ்சுகம் வருவதைப் பார்த்து அது சற்று நகர்ந்து, இருவர் உட்கார இடம் விட்டது.