பெர்லா தைத்த பாக்கெட்

பெர்லாவின் கதைக்கு ஆறு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஆறு நிமிடத்துக்கு இசைக்குழுவில் அறுபத்திரண்டு பேர் வாசிக்கப்போகிறார்கள். நாற்பத்தெட்டு வருடமாகக் கனடாவின் வின்னிபெக் குளிரில் பஸ்ஸுக்கு நின்று பழகிய ஒருத்திக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான் என்று அவளுக்கே தோன்றியது. அதற்காக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

ஏற்பாடு இதுதான். வெளிதேசத்திலிருந்து வந்து குடியேறிய ஐந்து பேர் மேடையில் நின்று, தாங்கள் வந்த கதையைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லப் பின்னால் இசைக்குழு வாசிக்கும். சிலியிலிருந்து வந்த தச்சர் ஒருவர், எரித்ரியாவிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி, இன்னும் இரண்டு பேர். பிலிப்பினோக்களின் சார்பில் யாரைக் கேட்கலாம் என்று சர்ச்சில் விசாரித்தபோது எல்லா விரலும் பெர்லாவைத்தான் காட்டின. அவள் கதை ஊரறிந்தது.

எழுபத்தைந்தாம் வருடம் கனடாவிலிருந்து ஒரு கார்மென்ட் கம்பெனி தையல்காரிகளைத் தேடி மணிலாவுக்கு வந்தது. ஒரு கூடத்தில் இருநூறு பெண்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு துண்டுத் துணியும் நாற்பது நிமிடமும் கொடுத்து, தெரிந்ததைத் தைக்கச் சொன்னார்கள். ஒரு நூல் பிசகாமல் பாக்கெட் தைத்து வைத்தாள் பெர்லா. வெள்ளைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு முதல் பெயராக அவள் பெயரைக் கூப்பிட்டார். கல்யாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்காருவாள். கம்பெனியில் பிற்பாடு சூப்பர்வைசர் ஆனவள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சந்தேகமே தேவைப்படாத ஒருத்தி மட்டும் இருந்தாள். அவள் அக்கா நெனித்தா. ஒன்பது வருடம் கழித்து பெர்லாவே ஸ்பான்சர் செய்து வரவழைத்தவள். அதே கம்பெனியில், பெர்லாவின் மேற்பார்வையிலேயே, இருபது வருடம் மிஷின் மிதித்தவள். பாக்கெட் கதை வரும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். நாலு வருடத்துக்கு முன்பு பெர்லா ஓய்வு பெற்ற விருந்தில், மிச்சமான நூடுல்ஸைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, “ஒரு தடவையாவது சரியாச் சொல்லேன்டி,” என்றாள்.

“இதுல யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டுவிட்டாள் பெர்லா.

நெனித்தா பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு போனும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. ஒரே சர்ச்சில் வேறு வேறு பூசைக்குப் போய் வந்தார்கள். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்பது பெர்லாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் எந்த இடத்தில் தோண்ட ஆரம்பிப்பாள்?

ஒத்திகைகள் என்னவோ குஷியாகத்தான் போயின. இசையை எழுதியதும் நடத்தியதும் டாரியா என்ற உக்ரைன் வம்சத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர்களைப் போலவே அவளும் பெர்லாவை ஆன்ட்டி என்றே கூப்பிட்டாள். தையல் மிஷின் சத்தத்துக்காக வயலின்களை விடாமல் ஓடவிட்டிருந்தாள். பெர்லா கையை உயர்த்தி நிறுத்தினாள். மிஷின் அப்படி ஓடாது, மூலை வந்தால் நிற்கும், துணியைத் திருப்பினால்தான் மறுபடி பாயும் என்று சொல்லிக் காலால் மிதித்தும் காட்டினாள். டாரியா உடனே பென்சிலை எடுத்து மாற்றினாள். முதல் வயலின்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார், ஆனால் சரியாக வாசித்தார்.

ஒரே ஒரு இடம்தான் பெர்லாவைப் பயமுறுத்தியது. தைத்ததை மேசையில் வைத்தேன் என்று அவள் சொன்னதும் இசை ஒரு சிறு துண்டுக்குள் நுழையும். ‘என் பெயரைக் கூப்பிட்டார்கள்’ என்று அவள் சொன்னால்தான் அதிலிருந்து வெளியே வரும். அப்போது எக்காளங்கள் எல்லாம் ஒன்றாக எழும்.

“நான் மறந்துட்டா?” என்று கேட்டாள் பெர்லா.

“மறக்கலாம், அழலாம், தண்ணி குடிக்கலாம். நாங்க அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு இருப்போம் ஆன்ட்டி. நீங்க சொல்றவரைக்கும் ஒருத்தரும் உங்களை விட்டுட்டு முன்னாடி போகமாட்டோம்.”

அந்த வாரமே சர்ச்சில் பூ அடுக்கும் பெண்ணிடம் ஒரு டிக்கெட்டைக் கொடுத்து, நெனித்தாவிடம் சேர்க்கச் சொன்னாள். அக்கா வரமாட்டாள் என்ற தைரியத்தில்தான் கொடுத்திருக்க வேண்டும்.

மார்ச் மாத ஞாயிறு பிற்பகல். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. உள்ளே ஐந்நூறு பேர். பாதிப்பேர் கார்மென்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். தச்சர் முடித்ததும் பெர்லா மைக்கின் முன் வந்து நின்றாள். நாலாவது வரிசையில் நெனித்தா உட்கார்ந்திருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. மேல் பொத்தான்வரை பூட்டியிருந்தாள். பிடிக்காவிட்டால் எழுந்து போவதற்குத் தயாராக வந்திருக்கிறாள் என்று பெர்லாவுக்குப் புரிந்தது. இன்று போனால் அதோடு சரி. அக்காவுக்கு எழுபத்தாறு வயது.

வாய் பாட்டுக்குக் கதை சொன்னது. மணிலா வெயில், கூடத்தில் மின்விசிறி இல்லாதது, இருநூறு பெண்கள், ஒவ்வொருத்தி துணியிலும் ஊசியால் குத்திய பெயர்ச்சீட்டு. வயலின்கள் மூலைக்கு மூலை நின்று ஓடின. கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. “பாக்கெட்டை மேசையில வச்சேன்,” என்றாள். இசை அந்தத் துண்டுக்குள் நுழைந்தது.

நெனித்தா இப்போது மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பக்கத்தில் இருந்த பையைத் தேடியது.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது. பெர்லா டாரியாவைப் பார்த்தாள். டாரியா தலையை மட்டும் அசைத்தாள். அவசரமில்லை என்று அதற்குப் பொருள். எக்காளக்காரர்கள் கருவியை உதட்டில் வைத்தபடி காத்திருந்தார்கள். அறுபத்திரண்டு பேரும் ஒரே இடத்தில் அவளுக்காக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். தனக்காக யாராவது இப்படிக் காத்திருந்தால் பொய் சொல்வது கஷ்டம்.

“அந்த பாக்கெட்டை நான் தைக்கல,” என்றாள் மைக்கில்.

கூட்டம் இதுவும் கதையில் ஒரு பகுதி என்றே நினைத்தது.

“அப்ப நான் செருப்புக்கடையில வேலை பார்த்தேன். மிஷின்ல நூல் கோக்கக்கூடத் தெரியாது. பக்கத்து மிஷின்ல எங்க அக்கா. என் துணியை இழுத்து அவ தைச்சா. முடிச்சுட்டு அவளோடதை எடுத்தா, பாதியில மணி அடிச்சுட்டாங்க. முப்பது பேரைக் கூப்பிட்டாங்க. அவளைக் கூப்பிடல. ஒன்பது வருஷம் கழிச்சு நான்தான் அவளைக் கூட்டிக்கிட்டு வந்தேன்னு உங்க எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சிருக்கேன். முதல்ல என்னை அனுப்பி வச்சது அவ.”

பழைய கம்பெனிக்காரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மானம் போய்விட்டது என்று பெர்லா நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள். இசை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நாலாவது வரிசையில் நெனித்தா எழுந்து நின்றாள். போகப்போகிறாள்.

“பாக்கெட் இல்லடி,” என்றாள். “காலர்.”

பெர்லாவுக்கு நாற்பத்தெட்டு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. “பாக்கெட்தான் அக்கா.”

“தைச்சவளுக்குத் தெரியாதா?”

கூடம் அதிரச் சிரித்தது. செல்லோக்காரி ஒருத்தி வில்லை நிறுத்தாமலே சிரித்தாள். பெர்லா மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை. அந்த நாற்பது நிமிடமும் அவள் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள், மேற்பார்வைக்காரரின் பூட்ஸைப் பார்த்திருந்தாள். அக்கா கையில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. பிற்பாடு ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டுமே என்று பாக்கெட் என்று சொல்லிவைத்தாள்.

“காலர்தான்,” என்றாள் மைக்கில். “நெனித்தா திமானோ தைச்ச காலர். கூப்பிட்டிருக்க வேண்டிய பேரு அதுதான். நெனித்தா திமானோ.”

தாளில் அந்த வார்த்தை இல்லை. ஆனாலும் டாரியாவின் கை உயர்ந்தது, எக்காளங்கள் எழுந்தன. கோட்டு போட்ட கிழவி ஒருத்தி நாலாவது வரிசையில் திகைத்து நின்றாள். பிறகு மெல்ல உட்கார்ந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

கச்சேரி முடிந்து பெர்லா வெளிக்கூடத்துக்கு வந்தாள். கேலி செய்வார்கள் என்று எதிர்பார்த்த கம்பெனிக்காரிகள் நெனித்தாவைச் சூழ்ந்துகொண்டு, தேர்வாவதற்காக அன்று தாங்கள் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி வயதை ஐந்து வருடம் குறைத்துச் சொன்னாளாம். இன்னொருத்தி கல்யாணமே ஆகவில்லை என்றாளாம். பெர்லா அவர்கள் கலையும்வரை பொறுத்திருந்தாள்.

பிறகு அத்தனை வருடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். கேட்கப் பயம். பாசத்தால் என்று அக்கா சொன்னாலும் தாங்காது, பரிதாபத்தால் என்று சொன்னாலும் தாங்காது.

“உன்னோடதை முதல்ல முடிச்சிருக்கலாமே. ஏங்க்கா என்னோடதை எடுத்த?”

நெனித்தா யோசித்தாள். “நீ நல்ல துணியைக் கெடுத்துக்கிட்டிருந்த. பார்க்கச் சகிக்கல. சும்மா ஒரு தையல் போட்டுக் குடுக்கலாம்னுதான் எடுத்தேன். அழகா வந்துச்சு. பாதியில விட மனசு வரல.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அதுக்கப்புறம் எத்தனையோ ஆயிரம் தைச்சிருப்பேன். அதுமாதிரி ஒண்ணு அமையவே இல்ல.” நெனித்தா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் தைச்சதுலயே நல்ல காலர் அதுதான்டி. அதுல உன் பேரு குத்தியிருந்துச்சு.”