கிரேக்க வெள்ளை

எங்கள் ஊரில் மருந்துக்கடை நடத்துவதற்கான சட்டம் மிக எளிது. ஆண்டுக்கு ஒரு நாள் நகர்மன்ற உறுப்பினர் ஒருவரும் ஊர் மருத்துவரும் வந்து ஜாடிகளைத் திறந்து பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் உறுப்பினர் வாசலில் நின்று, சந்தைக்கே கேட்கும்படி, "கடை சுத்தம்!" என்று மூன்று முறை கத்த வேண்டும். தேவாலய மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் கத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு. காரணம் சொல்லி மறுக்கலாம், ஆனால் அந்தக் காரணத்தையும் அதே வாசலில் கத்தித்தான் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் செல்லாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது; காது எல்லோருக்கும் உண்டு.

1687ஆம் ஆண்டு, புனித மார்ட்டின் நாளுக்கு மறுநாள், என் ஜாடிகள் நூற்றுப் பதினாறும் தேறின. உறுப்பினர் மார்க்வார்ட் டெட்மன் வாசலுக்குப் போய் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. முந்தின நாள் பண்டிகை வாத்து விருந்தில் விடிய விடியப் பாடியிருக்கிறார்.

"என்னங்க, மணி பதினொன்றரை ஆச்சு. கடை போச்சு!" என்றாள் என் மனைவி கேஷா.

"போகாது. கிரேக்க வெள்ளை இருக்கு," என்றேன்.

அது என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், டெட்மனுக்குச் சொல்லக் கூடாது. ஒரு நாய்க்குப் பல நாள் எலும்பு மட்டுமே போட்டால், அது பின்பக்கமாகத் தருவது சுண்ணாம்புபோல வெளுத்திருக்கும். அதை வெயிலில் காயவைத்தால் வாசனை முழுக்கப் போய்விடும். அரைத்து, பட்டுத்துணியில் சலித்து, பன்னீர் தெளித்து, தேனில் பிசைந்து வில்லை தட்டினால் கட்டிய தொண்டைக்கு அதைவிட மேலான மருந்து கிடையாது. லத்தீனில் சொன்னால் இன்னும் அழகாக இருக்கும். சிக்கல், எலும்பு தின்னும் நாய் கிடைப்பதுதான். எல்லா வீட்டிலும் எலும்பு சூப்புக்குப் போய்விடுகிறது. இறைச்சி மிஞ்சும் வீடு ஊரில் ஒன்றே ஒன்று.

அந்த வீட்டுக்காரர் இப்போது என் வில்லையைச் சப்பிக்கொண்டிருந்தார்.

முதல் வில்லையில் வாத்துக் குரல் வந்தது. மூன்றாவதில் கன்றுக்குட்டி. ஐந்தாவதில் காளை.

"பிரமாதம்யா! கிரேக்கச் சரக்கா? எந்த மரத்துல காய்க்குது?"

நான் விளக்க வாயைத் திறந்தேன். கேஷாவின் மரச்செருப்பு என் கால்விரல் மேல் இறங்கியது.

"மரத்துல இல்லீங்க ஐயா, மரத்தடியில கிடைக்கும்," என்றாள்.

"காளான் மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

கூட வந்திருந்த மருத்துவர் வோல்டர் சட்டென்று திரும்பி, சுவரில் இல்லாத எதையோ ஆராய்ந்தார். அவருடைய பொய்முடி குலுங்கிக்கொண்டிருந்தது.

டெட்மன் வாசலுக்குப் போனார். "கடை சுத்தம்!" முட்டைக்காரியின் கூடை ஆடியது. "கடை சுத்தம்!"

எஜமானின் குரல் கேட்டால் எந்த நாய் சும்மா இருக்கும்? அவருடைய நாய் பக்கான் சந்தையைக் கலைத்துக்கொண்டு ஓடி வந்தது. வந்தது அவரைத் தாண்டி கேஷா மேல் தாவி, முகமெல்லாம் நக்கியது.

"என் நாய்க்கு உன்னை எப்படித் தெரியும்?"

"தினமும் காலையில பார்த்துக்கறோமுங்க."

"எங்கே?"

"உங்க தோட்டத்து மரத்த..." கேஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டெட்மன் நாயைப் பார்த்தார், கையிலிருந்த வில்லைச் சிமிழைப் பார்த்தார். பிறகு என்னை. "டோனியஸ், நீ சத்தியம் செஞ்ச மருந்துக்காரன். உள்ளதைச் சொல்லு."

சத்தியம் சத்தியம்தானே? காதோடு சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பட்டுத்துணியின் நெசவு ஏன் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதுவரை சொன்னேன்.

"யோவ், போதும்யா!"

"இந்த மனுஷனோட விளக்க வியாதிக்கு நூத்திப் பதினாறு ஜாடியில ஒண்ணுலயும் மருந்தில்லையே," என்று கேஷா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

கோபுரத்தில் மணிக்கயிறு கிறீச்சிட்டது.

"ஐயா, ரெண்டோட நிறுத்திட்டீங்களே, அரைச் சுத்தமா?" என்று கத்தினாள் முட்டைக்காரி. "உள்ளே என்ன கண்டீங்க? எங்களுக்கும் சொல்லுங்க!"

"சொல்லுங்க! சொல்லுங்க!" என்றது சந்தை.

டெட்மனின் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. மறுக்கலாம், ஆனால் காரணத்தைக் கத்த வேண்டும். ஐந்து வில்லை, சொந்த நாய். மருத்துவர் வோல்டர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் சரிந்தார்.

டெட்மன் மூச்சை இழுத்தார்.

"கடை... சுத்தம்!"

புறாக்கள் கூரையை விட்டுக் கிளம்பின. அந்தச் சத்தத்துக்குப் பிறகு அடித்த மணி பன்னிரண்டும் எனக்கு மெதுவாகத்தான் கேட்டது. கேஷா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மிதித்த விரலையே மறுபடி மிதித்தாள்.

டெட்மன் சிமிழைத் தூக்கி எறியப்போனார். ஒரு நொடி நின்றார். தொண்டையைச் செருமிப் பார்த்தார். காளை அப்படியே இருந்தது. சிமிழை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நாயைக் கூப்பிட்டார்.

"டேய் பக்கான், வாடா..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னார்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."